டீயா, பீரா?

கேள்வி: ஒரகடம் தொழிற்சாலைகளின் பகல் ஷிப்ட், நைட் ஷிப்ட் தொழிலாளர்களின் மன அழுத்தத்தை ஒப்பிட்டு உளவியல் பிராஜெக்ட் செய்கிறேன். ‘டி-டெஸ்ட் போடு’ என்கிறார் கைடு. அது என்ன டீ?
– முதுகலை மாணவி, மண்ணூர்

பதில்: டீ அல்ல, பீர்! டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், சிறிய மாதிரிகளை வைத்தே முடிவெடுக்க வழி தேடினார். 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். ஆக, இதுவும் ஒரு கம்பெனி ஊழியரின் கைவண்ணம்தான்!

விஷயம் எளிது. இரு குழுக்களின் சராசரி வித்தியாசம், ஆளுக்கு ஆள் இயல்பாக இருக்கும் ஏற்ற இறக்கத்தை மீறித் தெரிகிறதா என்று பார்ப்பது. கம்பெனி பஸ் இரைச்சலை மீறிக் கேட்டால்தான் அது பேச்சு. சோதனை தரும் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தென்படும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்தால், தற்செயல் என்று சுலபமாகத் தள்ள முடியாது. அதற்காக நைட் ஷிப்ட்தான் காரணம் என்று சத்தியமும் செய்யக் கூடாது. ஷிப்ட் மாறும் அதே ஆட்களை இரண்டு முறை கேட்டால், ‘இணை’ டி-டெஸ்ட்.

நைட் ஷிப்ட் முடிந்து வருபவரிடம் எடுத்த எடுப்பில் கேள்வித்தாளை நீட்டாதீர்கள்; அழுத்தத்துக்கு நீங்களே காரணமாகிவிடுவீர்கள். முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்!