ரயில் போட்ட ஊர்

1989 டிசம்பரில் டொராண்டோவில் ரயிலேறி, வழியில் இரண்டு இரவு தூங்கி எழுந்து, ரெஜைனா ஸ்டேஷனில் இறங்கினேன். பிளாட்பாரத்துப் பனி காலடியில் நறநறத்தது. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் மயிர் உறைந்து முள்ளாய்க் குத்தியது. கூட்டிப்போக வந்திருந்த அண்ணன், பெரியம்மாவின் மகன், என் பெட்டியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "நல்ல நேரத்திலைதான் வந்தாய் தம்பி. தைப்பொங்கலோடை இந்த ரயிலும் நிண்டுபோகுது."

அப்படியே நடந்தது. 1990 ஜனவரி நடுவில் கனடா முழுவதும் பயணிகள் ரயில்களைப் பாதிக்கு மேல் வெட்டினார்கள். வின்னிபெக், ரெஜைனா, கல்கரி என்று ஓடிய வண்டி நின்றது. அதே ஆண்டு ஜூனில், இலங்கைப் போரினால் யாழ்தேவி ரயிலும் என் ஊரான யாழ்ப்பாணத்துக்கு வராமல் போயிற்று. புறப்பட்ட ஊருக்கும் ரயில் இல்லை, வந்து சேர்ந்த ஊருக்கும் இல்லை.

யாழ்ப்பாணம் ரயிலுக்கு எத்தனையோ காலம் முந்திய ஊர். ரெஜைனாவைப் பெற்றதே ரயில்தான். அதற்கு முன் இங்கே இருந்தவை ஓர் ஓடையும் அதன் கரையில் காட்டெருமை எலும்புக் குவியல்களும். வேட்டையாடிய க்ரீ மக்கள் அடுக்கி வைத்தவை அவை. எலும்பு இருக்கும் இடத்தை விட்டு எருமை போகாது என்பது அவர்கள் நம்பிக்கை என்பார்கள். இடத்துக்கு அவர்கள் இட்ட பெயரும் எலும்பு குவிந்த இடம் என்பதுதான். 1880 வாக்கில் மந்தைகள் அற்றுப்போயின. இரண்டே ஆண்டில் தண்டவாளம் வந்து சேர்ந்தது.

ஊர் அமைக்க ஏற்ற இடமே அல்ல. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, மரம் இல்லை, ஒரு மேடு கிடையாது. மழை பெய்தால் களிமண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது, இன்றும் விடாது. இதை வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகராகத் தேர்ந்தெடுத்தவர் லெப்டினன்ட் கவர்னர் எட்கர் டியூட்னி. தண்டவாளத்தை ஒட்டி அவருக்கே அங்கு நிலம் இருந்தது. கனடியன் பசிபிக் ரயில் கம்பெனிக்கும் மனை விற்றுக் காசு பார்க்க வேண்டியிருந்தது. அது ஸ்டேஷனை அவருடைய நிலத்துக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி வைத்தது. கவர்னர் மாளிகையும் போலீஸ் முகாமும் மேற்கே, கடைத்தெரு கிழக்கே என்று ஊர் பிறக்கும்போதே இரண்டு பக்கமும் இழுபட்டது. 1882 ஆகஸ்டில் முதல் ரயில் வந்தபோது, கவர்னர் ஜெனரலின் மனைவி இளவரசி லூயிஸ் தன் தாய் விக்டோரியாவை மனத்தில் வைத்து ரெஜைனா என்று பெயரிட்டார். லத்தீனில் ராணி என்று பொருள்.

அந்த எலும்புகள் என்னவாயின என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. குடியேறியவர்கள் கோதுமை அறுக்குமுன் கையில் காசு பார்த்தது எலும்பு பொறுக்கித்தான். வெளியெங்கும் பொறுக்கிய எலும்பு வண்டி வண்டியாக ரயிலடிக்கு வந்தது. உரம் செய்யவும் சர்க்கரை வெளுக்கவும் ரயிலேறிப் போயிற்று. எருமை விட்டுப் போகாது என்று க்ரீ மக்கள் அடுக்கி வைத்ததும் அதில் சேர்ந்தே போயிற்று.

ஊரோ வளர்ந்தது. 1901இல் 2,249 பேர். 1911இல் 30,213 பேர். அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று அடித்த சூறாவளியில் 28 பேர் மாண்டார்கள். மறுபடி கட்டினார்கள். 1930களின் பஞ்சத்தில் வேலையில்லாதவர்கள் மண்வெட்டி பிடித்து ஊரிலுள்ள ஏரியை ஆழப்படுத்தினார்கள். தோண்டிய மண்ணில் இரண்டு தீவுகள் எழுந்தன. அந்தக் கரையில் இன்று நிழல் தரும் மரங்கள் மனிதர் கொண்டுவந்து நட்டவை. ஒவ்வொரு கோடையிலும் அங்கே நடக்கிறேன். ஏரியின் பெயர் வாஸ்கானா. எலும்பு என்ற க்ரீச் சொல் அதில் தங்கியிருக்கிறது என்று தெரிந்த நாளில், கரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் வந்திறங்கிய ஸ்டேஷன் 1996இல் கேசினோ ஆயிற்று. நண்பர்களோடு ஒருமுறை உள்ளே போனேன். அதே உயர்ந்த கூரை. கீழே வரிசை வரிசையாகச் சூதாட்ட இயந்திரங்கள், மணியொலி, மினுக்கும் விளக்குகள். நான் வந்த அன்று அண்ணன் பெட்டியை வைத்துவிட்டு எனக்குக் கோப்பி வாங்கப் போன இடத்தில் ஓர் அம்மா கண் இமைக்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

2014 அக்டோபரில், 24 ஆண்டுக்குப் பின் யாழ்தேவி யாழ்ப்பாணம் போயிற்று. அன்று அண்ணன் போன் செய்தார். "அங்கை ஓடத் தொடங்கிட்டுது தம்பி. இங்கை எப்ப?"

கேசினோவின் பின்புறம் சரக்கு ரயில்கள் இன்னும் போகின்றன, கோதுமை, பொட்டாஷ். போன மாதம் கம்பி வேலியோரம் நின்று பெட்டிகளை எண்ணினேன். நூறைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறிவிட்டது. கடைசிப் பெட்டி கடக்கும்வரை நின்றேன். வண்டி நிற்கவில்லை.