கேளுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள்!

கேள்வி: ஆச்சி மனோரமாவின் சொந்த ஊர் மன்னார்குடியா, பள்ளத்தூரா?

பதில்: பிறந்தது மன்னார்குடி, வளர்ந்தது பள்ளத்தூர். பஞ்சாயத்து முடிந்தது.

கேள்வி: அவருடைய இயற்பெயர் என்ன?

பதில்: கோபிசாந்தா. எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறீர்கள்?

கேள்வி: மனோரமாவைப் 'பெண் சிவாஜி' என்கிறார்களே, பொருந்துமா?

பதில்: நம் ஊரில் ஒரு பெண்ணைப் புகழ வேண்டுமென்றால் முதலில் ஓர் ஆண்பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டும். சிவாஜியை யாராவது 'ஆண் மனோரமா' என்றதுண்டா? பட்டத்தைக் கழற்றி மாட்டிவிட்டு அந்த அம்மாளைக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அவருடைய நகைச்சுவையில் முக்கால்வாசி தொண்டையில்தான் இருக்கிறது. பாடத் தெரியாவிட்டால் பிழைக்க முடியாத நாடக மேடையில் தேறி வந்த தொண்டை அது. 1968-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். 'பொம்மலாட்டம்' படத்தில், வி.குமார் இசையில், 'வா வாத்தியாரே ஊட்டாண்டே'யைச் சொந்தக் குரலில் பாடினார். செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்த நாக்கு. மெட்ராஸ் பாஷையோ ரிக்‌ஷா ஸ்டாண்டிலேயே பிறந்து வளர்ந்த மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. அதே வருஷம் 'தில்லானா மோகனாம்பாள்'. இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று சிக்கல் சண்முகசுந்தரத்திடம் ஜில் ஜில் ரமாமணி சந்தேகம் கேட்பாரே, அதைத் தாளில் எழுதிப் படித்துப் பாருங்கள். சுத்த அசட்டுக் கேள்வி. அவர் வாயில் வரும்போது வெகுளித்தனம் ஓர் இழை, ஆட்டக்காரியின் குழைவு ஓர் இழை, அடியில் வித்துவானிடம் நிஜமான மரியாதை ஓர் இழை. எதிரே நிற்பவர் சாட்சாத் சிவாஜி. அந்த நேரத்தில் உங்கள் காது யார் பக்கம் இருந்தது?

கேள்வி: அந்தப் படத்தில் ரமாமணிக்குப் பாடியது எல்.ஆர்.ஈஸ்வரி ஐயா! தொண்டை, தொண்டை என்கிறீர்களே?

பதில்: பிடித்துவிட்டதாக நினைப்போ? 'பாண்டியன் நானிருக்க' ஈஸ்வரி பாடியதுதான், அமர்க்களமாகவே பாடியிருக்கிறார். வாய் ஒருவருக்கு, குரல் இன்னொருவருக்கு என்கிற பின்னணிப் பாட்டு ஏற்பாட்டின் மேல் இந்தப் பக்கத்துக்கு உள்ள பழைய வயிற்றெரிச்சல் வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த வழக்கில் அந்த ஏற்பாடே என் கட்சிச் சாட்சி. பாட்டை இரவல் வாங்கிய பிறகும், ரமாமணி என்றதும் ஜனங்கள் பேசிக் காட்டுவது அவர் பேசிய பேச்சைத்தானே? இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, வசனத்துக்கே மெட்டுப் போட்டுவிடுகிறவருக்குப் பாட்டு உபரி வருமானம். அந்த வருமானமும் நிற்கவில்லை: 'மே மாதம்' (1994) படத்தில் ஏ.ஆர்.ரகுமானின் 'மெட்ராஸை சுத்திப் பாக்கப்போறேன்' பாட்டில் அவர் குரல் கேட்கும். இருபத்தாறு வருஷம் கழித்தும் துரு ஏறவில்லை.

கேள்வி: பிற்காலப் படங்களில் ஓயாமல் அழுது தீர்த்தாரே, அது மிகை நடிப்பு இல்லையா?

பதில்: சில படங்களில் மிகைதான். கொட்டகையின் கடைசி பெஞ்சுக்கு எட்ட வேண்டிய குரலை, ஒரு முழம் தள்ளி நிற்கும் கேமராவுக்கு முன்னாலும் இறக்காமல் விட்டுவிடுவார். ஆனால் அழச் சொன்னது யார்? தேசிய விருது அவரைத் தேடி வந்தது 'புதிய பாதை' (1989) படத்தின் குணச்சித்திர வேடத்துக்கு. 1968-ல் துணை நடிகைக்கென்று தேசிய விருதே கிடையாது என்பீர்கள், வாஸ்தவம். இருந்திருந்தால் மட்டும் ரமாமணிக்குக் கொடுத்திருப்பார்களா? 'மாலையிட்ட மங்கை'யில் (1958) தொடங்கி 'கொஞ்சும் குமரி'யில் (1963) கதாநாயகியாகவும் ஆகிப் பார்த்தவர், சிரிக்க வைத்தே நிலைத்தார். அந்தச் சிரிப்பு முழுவதையும் நாம் இனாமாக வாங்கிக்கொண்டோம். அழுதபோதுதான் 'ஆகா, நடிப்பு!' என்றோம். எதற்குக் கை தட்டினோமோ அதைத்தானே படமெடுத்தவர்கள் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்?

கேள்வி: ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தாராமே, யார் எண்ணியது?

பதில்: கின்னஸ்காரர்கள். நல்லவேளை, என்னைக் கூப்பிடவில்லை.