ராகம் குடும்பச் சொத்து

கேள்வி: சீக்கிய இளைஞர்களைச் சாஸ்திரிய இசைப் பக்கம் இழுப்பது எப்படி?

பதில்: வழி அவர்களுடைய குருத்துவாராவிலேயே இருக்கிறது! சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பின் 1430 பக்கங்களில் பெரும்பகுதி 31 ராகங்களின் கீழ் அடுக்கப்பட்டது. ஸ்ரீராகத்தில் தொடங்கி ஜைஜைவந்தி வரை போகிறது அந்த வரிசை. பாடலின் தலைப்பிலேயே ராகத்தின் பெயர் இருக்கும். முதல் குருவான குரு நானக் பாட, ரபாப் என்ற தந்தி வாத்தியத்தை மீட்டியவர் அவருடைய தோழர் பாய் மர்தானா.

பின்னாளில் ஆர்மோனியம் வந்து தந்தி வாத்தியங்களை ஓரங்கட்டிவிட்டது.

இதைப் பார்த்துக்கொண்டு, சீக்கியரில் ஒரு பிரிவான நாமதாரிகளின் குரு ஜக்ஜித் சிங் சும்மா இருக்கவில்லை. அப்பிரிவின் தலைமையிடமான பைணி சாகிப்பில் சிறுவர்களுக்கு ராகமும் தாளமும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கேட்டுப் பழகவும் இடம் உண்டு: பஞ்சாபின் ஜலந்தரில் 1875 முதல் ஹரிவல்லப் சங்கீத விழா நடக்கிறது. பெற்றோர் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைக்கட்டும். திரும்பியதும் பிள்ளைகள் தில்ரூபா என்ற தந்தி வாத்தியம் கேட்டு அடம்பிடித்தால், உடனே வாங்கித் தரட்டும்.