காயும் வரை பொறுங்கள்! – வாட்டர் கலர் கேள்வி-பதில்

எனக்கு வயது 41. மூன்று ஷிப்டும் மாறி மாறி வருகிறது. இனிமேல் ஓவியம் கற்றுக்கொள்ள முடியுமா?
– தொழிலாளி, கும்மிடிப்பூண்டி சிப்காட்

சர்ச்சில் முதன்முதலாகப் பிரஷ் பிடித்தது 1915இல், 40 வயதில். பதவி பறிபோய் மனம் நொந்திருந்த நேரம். அதன் பிறகு ஐந்நூறு படங்களுக்கு மேல் வரைந்தார். நீங்கள் ஒரே ஒரு வயதுதான் பிந்தியிருக்கிறீர்கள்! நைட் ஷிப்ட் முடிந்த காலையில் மட்டும் வேண்டாம், கண் எரியும். வார விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் மாதம் பெயிண்ட் பக்கமே போகாமல் பென்சிலில் டிபன் பாக்ஸ், சேஃப்டி ஷூ, ஹெல்மெட் என்று போட்டுப் பழகுங்கள். ஹெல்மெட்டின் வளைவு கைக்கு வந்துவிட்டால், அதைப் போட்டிருக்கும் ஆளின் தலையும் வந்துவிடும்.

வீட்டுச் செலவு போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அதில் எதை வாங்குவது?
– இல்லத்தரசி, திருவள்ளூர்

நல்ல தாளை. 24 கலர் டப்பாவை ஆசையாக வாங்கிவிட்டு, பள்ளிக்கூட டிராயிங் நோட்டில் பூசிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஈரம் பட்டதும் நோட்டுத் தாள் அப்பளம் மாதிரி நெளியும், பெயிண்ட் பள்ளத்தில் போய்த் தேங்கும். ‘எனக்கு வரவில்லை’ என்று டப்பாவை மூடிவிடுவார்கள். உங்களுக்கு வரும், அந்தத் தாளுக்குத்தான் வராது. கடையில் ‘300 ஜி.எஸ்.எம். காட்டன் தாள்’ என்று கேளுங்கள். 22க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்றை எட்டாக வெட்டினால் எட்டுப் படத்துக்கு ஆயிற்று. பின்பக்கத்தையும் சேர்த்தால் பதினாறு.

பெயிண்டுக்கு மாணவர் தர டியூப் ஐந்து போதும்: லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், கிரிம்சன், அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா. கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினோடு பர்ன்ட் சியன்னாவைக் குழைத்தால் மழைமேகம் முதல் தார் ரோடு வரை எல்லாச் சாம்பலும் கிடைக்கும். வெள்ளையும் வேண்டாம், தாளே வெள்ளை. 10ஆம் நம்பர், 4ஆம் நம்பர் ரவுண்டு பிரஷ் ஒவ்வொன்று. பிரஷ் கழுவ ஒரு டம்ளர், கலர் கரைக்க ஒரு டம்ளர், ஒற்றி எடுக்கப் பழைய வேட்டித் துணி. முடிந்தது கடை வேலை.

படம் காய்ந்த பிறகு அங்கங்கே வெள்ளையாகப் பூத்துப் போகிறது. மட்டமான பெயிண்டா?
– கல்லூரி மாணவி, மீஞ்சூர்

ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே தண்ணீர் மேல்தான் சந்தேகம் வந்தது. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே ஏறிவிட்ட பகுதி உங்களுடையது. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு, தாள் காய்ந்ததும் தலைகாட்டும். குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்து வரைந்து பாருங்கள்.

யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டால் போதாதா?
– வாசகர், திருத்தணி

தாராளமாகப் பாருங்கள். ஆனால் வீடியோவில் பெயிண்ட் காயும் நேரத்தை வெட்டிவிடுகிறார்கள். வாட்டர் கலரின் பாதிப் பாடம் அந்த வெட்டிய பகுதியில்தான் இருக்கிறது.

வெயில் காலத்தில் வானம் பூசினால் பட்டை பட்டையாக நிற்கிறதே?
– வாசகர், ஊத்துக்கோட்டை

அக்னி நட்சத்திரத்தில் அப்படித்தான் நிற்கும்; பிரஷ் மறுமுனைக்குப் போவதற்குள் ஆரம்பித்த இடம் காய்ந்துவிடுகிறது. ஃபேனை நிறுத்துங்கள், தாளின் இரு பக்கமும் நனையுங்கள். காலை ஒன்பது மணிக்குள் வானத்தை முடித்துவிடுங்கள்.

பூநாரை வரைந்தால் ரோஸ் கலரைக் கொட்டியது போல் ஆகிவிடுகிறது. என்ன தப்பு?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், பழவேற்காடு

தம்பி, குளிர்காலத்தில் பூநாரைகள் உன் வீட்டுப் பக்கமே வந்து நிற்கின்றன. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்! முதலில் பென்சில் இல்லாமல் போய்க் கொஞ்ச நேரம் பார். தூரத்தில் நிற்கும் பறவை ஏறக்குறைய வெள்ளை. இறக்கையை விரிக்கும்போதுதான் அந்தச் சிவப்பும், ஓரத்துக் கறுப்பும் தெரியும். இளம் பறவைகள் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். தின்னும் பாசியிலும் இறால் போன்ற சின்ன உயிர்களிலும் உள்ள நிறமி சேரச் சேரத்தான் சிவப்பு ஏறும். உன் படத்திலும் அப்படியே ஏறட்டும்.

மெல்லிய கோட்டில் உருவத்தைப் போட்டுக்கொள். இப்போது பறவைக்குள் பிரஷ் போகவே கூடாது. ஏரியை மட்டும் பூசு. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து நிறையத் தண்ணீர் விட்ட சாம்பலை, அட்டையைச் சற்றே சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வா. பறவையின் ஓரம் வந்ததும் ஒதுங்கிப் போ. பிறகு கை வைக்காதே. புறங்கையால் தாளைத் தொட்டுப் பார்: சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். நன்றாகக் காய்ந்த பின் கிரிம்சனில் துளி மஞ்சள் சேர்த்து, வெளுக்க வெளுக்கக் கரைத்து, இறக்கையில் மட்டும் ஒரு தொடுகை. கடைசியில் 4ஆம் நம்பர் பிரஷ்ஷால் கால், ஒரே இழுப்பு. தண்ணீரில் தெரியும் நிழலை நேர்க்கோடாக இழுக்காமல் விட்டு விட்டுப் போடு. ஏரி அசைகிறது அல்லவா? வரைந்ததை எனக்கு அனுப்பு. ஆசையோடு காத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் புகைபோக்கியும் டிரெய்லர் லாரியும்தானே இருக்கின்றன. எதை வரைவது?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

புகைபோக்கியையும் டிரெய்லர் லாரியையும்! இங்கிலாந்தின் டர்னர் 1830களில் டட்லி என்ற தொழில் நகரத்தை, அதன் உலை வெளிச்சத்தோடும் புகையோடும், வாட்டர் கலரில்தான் வரைந்தார். ஈரத் தாளில் ஈரப் பிரஷ்ஷை வைத்தால் புகை தானாகவே பரவும். எண்ணெய் வண்ணத்தில் அதை வரவழைக்கப் பெரிய பாடுபட வேண்டும். இரும்புத் துருவுக்கு பர்ன்ட் சியன்னா டியூபிலிருந்து அப்படியே வரும். ஆலை வாசலில் உட்கார்ந்தால் செக்யூரிட்டி எழுப்புவார், எதிர் டீக்கடை பெஞ்சுதான் சரியான இடம். சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் தூங்கி வழியும் சக பயணிகளும் நல்ல மாடல்களே. விழித்துக்கொண்டால் படத்தைக் காட்டிவிடுங்கள்.

மகள் ஓவியக் கல்லூரியில் சேரத் துடிக்கிறாள். அனுப்பலாமா?
– தந்தை, திருநின்றவூர்

அனுப்புங்கள். உங்கள் ஊரிலிருந்து மின்சார ரயிலிலேயே போய்வரும் தூரத்தில், பெரியமேட்டில் இருக்கிறது அரசு கவின்கலைக் கல்லூரி. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தார். அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். அவரும் வாட்டர் கலர் நிலக்காட்சிகளில் தொடங்கியவர்தான். பிளஸ் டூவுக்குப் பிறகு நான்கு வருடப் பட்டப்படிப்பு. நுழைவுத் தேர்வில் கண்ணெதிரே இருப்பதை வரையத் தெரிய வேண்டும், அதனால் இன்றே ஸ்கெட்ச் நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி உண்டு. சிறு பிள்ளைகள் இருந்தால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தை விசாரியுங்கள்.

நாற்பது பிள்ளைகள், ஒரு பீரியட். என்ன சொல்லிக் கொடுப்பது?
– ஓவிய ஆசிரியை, பொன்னேரி

டீச்சர், போர்டில் இரண்டு மலையும் நடுவில் சூரியனும் போட்டு ‘இதைப் பார்த்துப் போடு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பொன்னேரியில் மலை எங்கே இருக்கிறது? உங்கள் பிள்ளைகளின் சூரியன் வயலுக்கும் ஏரிக்கும் அப்பால் எழுகிறது. மேசைமேல் ஒரு செருப்பை வையுங்கள். கால் மணி நேரம், ரப்பர் கிடையாது. நாற்பது பேரும் நாற்பது இடத்திலிருந்து பார்ப்பதால் நாற்பது செருப்பு கிடைக்கும், காப்பி அடிக்கவே வழியில்லை. திருத்துவதாக இருந்தால் தனித்தாளில் போட்டுக் காட்டுங்கள். குழந்தையின் கோட்டின் மேல் நம் கோடு விழுந்தால் அந்தப் படம் அதனுடையதாக இருக்காது. பெயிண்ட் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு மஞ்சள்தூளும் காபித்தூளும் கரைத்துக் கொடுங்கள். வெளுப்பிலிருந்து அடர்த்திக்குப் போகும் பாடத்தை அதிலேயே நடத்தலாம்.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. வாரத்தில் இருக்கும் அந்த ஒரு ஓவியப் பீரியடைத் தயவுசெய்து கணக்குக்குக் கடன் கொடுக்காதீர்கள்.