புளிசோறும் எட் ஷீரனும்

வேப்பம்பட்டில் எனக்கு ‘இங்கிலீஷ் பாட்டு கேட்கிறவர்’ என்று ஒரு பெயர் உண்டு. வைத்தது நானேதான். காலையில் காக்களூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற எலெக்ட்ரிக் டிரெயினில் எல்லோரும் போனில் சீரியலும் கிரிக்கெட்டும் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தலையை ஆட்டுவேன். பக்கத்து சீட்டுக்காரர் “என்ன பாட்டு சார்?” என்று கேட்கும்வரை ஆட்டல் நிற்காது. கேட்டுவிட்டால், “எட் ஷீரன்” என்பேன், ஏதோ செவ்வாப்பேட்டையில் இருக்கிற ஒன்றுவிட்ட மச்சானைச் சொல்வதுபோல.

இந்த வியாதி வந்தது 2017-இல். அந்த வருடம் ஜனவரி 6-ஆம் தேதி மனிதர் ‘ஷேப் ஆஃப் யூ’, ‘கேசில் ஆன் த ஹில்’ என்று இரண்டு பாட்டை ஒரே நாளில் விட்டார். முதல் பாட்டு சீக்கிரமே ஷேர் ஆட்டோ வரைக்கும் வந்துவிட்டதால், கௌரவம் கருதி நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். அது அவர் வளர்ந்த ஃப்ராம்லிங்கம் என்கிற சின்ன ஊரைப் பற்றிய பாட்டு. இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் இருக்கிறது, அங்கே ஒரு பழைய கோட்டையும் உண்டு. எங்கள் ஊரில் கோட்டை கிடையாது. ஆனால் எக்ஸ்பிரஸ் எல்லாம் நிற்காமல் பறக்கிற ஊரில் வாழ்கிறவனுக்கு அந்தப் பாட்டின் ஏக்கம் புரியும் என்று முடிவுகட்டினேன். வரிகள் புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சென்ட்ரல் பக்கம் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர், பூசலார் நாயனாரின் ஊர். கையில் காசில்லாததால் கல் கல்லாக மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் எழுப்பியவர். அவர் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில்தான் காஞ்சியில் பல்லவ ராஜா கட்டிய கற்கோயிலுக்கும் நாள் குறித்திருந்தார்கள். ராஜாவின் கனவில் சிவன் வந்து, ‘நாளைக்கு நான் நின்றவூர் போகணும், நீ வேறு நாள் பார்’ என்று சொல்லிவிட்டதாகப் பெரியபுராணக் கதை. நானும் அந்தப் பரம்பரை என்றே நினைத்திருந்தேன். 2017-இலும் 2024-இலும் எட் ஷீரன் மும்பைக்கு வந்து பாடினார். நான் வேப்பம்பட்டில் இருந்தபடியே மனசுக்குள் மேடை போட்டு, லைட் கட்டி, முதல் வரிசையில் நின்று எல்லாப் பாட்டையும் கூடவே பாடி முடித்தேன். டிக்கெட் காசும் மிச்சம்.

அப்புறம் அறிவிப்பு வந்தது: 2025 பிப்ரவரி 5, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். “மாமா, உங்க ஆளு நம்ம ஊருக்கே வர்றாரு” என்று குதித்தாள் காலேஜ் படிக்கிற அக்கா மகள். இனி மும்பை தூரம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. டிக்கெட் எடுக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். ஆன்லைன் வரிசையில் தவம் கிடந்து என் முறை வந்த நொடியில், ஓ.டி.பி. பார்க்க மெசேஜுக்குள் போனேன். திரும்பி வந்தால் வரிசையின் வாலில் இருந்தேன். அதற்குள் அவள் தன் போனிலேயே வேலையை முடித்திருந்தாள். கார்டு மட்டும் என்னுடையது.

கச்சேரி புதன்கிழமை. லீவு வேண்டும். காரணம் என்ற இடத்தில் ‘பாட்டுக் கச்சேரி’ என்று எழுத நாற்பது தாண்டியவனுக்குக் கை வரவில்லை. ‘சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணம்’ என்று எழுதினேன். சூப்பர்வைசர் அண்ணன், “குடும்ப விசேஷம்னா போய்த்தானே ஆகணும்” என்று கையெழுத்துப் போட்டார்.

அக்காவைச் சமாளிப்பதுதான் கஷ்டம். “வயசுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போற, ராத்திரி எந்நேரம்டா ஆகும்?” “பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக் கூடாதுன்னு 2000-லயே விதி போட்டாச்சுக்கா. கடைசி வண்டியைப் புடிச்சிடலாம்.” அக்கா விதியை நம்பவில்லை. ஒரு டப்பா நிறையப் புளிசோறு கட்டிக் கையில் கொடுத்தாள்.

சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடித்து நந்தனம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் டப்பாவைப் பார்த்த செக்யூரிட்டி, சாப்பாடு உள்ளே போகாது என்றார். “தூக்கிப் போட்டுடுங்க மாமா” என்றாள் அக்கா மகள். அக்கா கட்டிய சோற்றைக் குப்பையில் போட்டுவிட்டு அதே அக்காவின் முகத்தில் முழிக்க எனக்குத் தைரியம் கிடையாது. மதிலோரம் நின்று, இரண்டு பேர் சோற்றையும் ஒரே ஆளாக அள்ளிச் சாப்பிட்டேன். எங்களைத் தாண்டி உள்ளே போன பெண்களின் கன்னத்தில் ஜிகினா மினுங்கியது. அன்றைக்கென்றே வாங்கிய என் கறுப்பு டி-ஷர்ட்டில் நெஞ்சுக்கு நேரே நல்லெண்ணெயும் மஞ்சளும் மினுங்கின. பொறுக்கியெடுத்த வேர்க்கடலையை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அந்தப் பையை யாரும் சோதிக்கவில்லை.

உள்ளே எனக்கு முன்னால் நின்ற பையன் தன் சிநேகிதியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். மிச்சமிருந்த இடைவெளி வழியாகப் பார்த்தேன். மேடையில் ஒற்றை ஆள், கையில் கிட்டார். ஆனால் தாளம் அதிர்கிறது, பின்னணிக் குரல்களும் கேட்கின்றன. ரசிகன் என்ற உரிமையில் விளக்கினேன்: “டிரம்ஸ்காரரைப் பின்னாடி மறைச்சு வெச்சிருக்காங்க.” அக்கா மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எட் ஷீரனின் காலடியைக் காட்டினாள். பெரிய திரையில் தெரிந்தது. கிட்டாரின் மரத்தை உள்ளங்கையால் தட்டுகிறார், காலால் ஒரு மிதி. தட்டிய தட்டு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதன்மேல் தந்தியில் ஒரு இழை, இன்னொரு மிதி. அதன்மேல் தன் குரலையே அடுக்குகிறார். லூப் என்று பெயராம். மொத்த வாத்தியக் கோஷ்டியையும் அந்த இடத்திலேயே ஒரு மனிதர் கட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் நான் தலையாட்டியது எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த சோதனை பாடல் வரிகள். பூசலார் தம் கோயிலில் ஒரு செங்கல் விடவில்லை. என் கச்சேரியில் கோரஸ் தவிர ஒன்றுமே கட்டப்படவில்லை. கோரஸ் வந்தால் மைதானத்தோடு சேர்ந்து கத்துவேன். சரணம் வந்தால் பாக்கெட்டிலிருந்து கடலை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். மெல்லுகிறவனை யாரும் பாடச் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் அவள் ஒரு வரி பிசகாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஏ.ஆர்.ரகுமான் மேடைக்கு வந்தார். மைதானம் வெடித்தது. இவர் ‘ஷேப் ஆஃப் யூ’வைப் பாட, அவர் அதன்மேல் ‘ஊர்வசி’யை ஏற்றினார். 1994-இல் ‘காதலன்’ வந்தபோது ஸ்கூல் ஆண்டுவிழாவில் அந்தப் பாட்டுக்குக் கடைசி வரிசையில் ஆடியவன் நான். கடலை போன இடம் தெரியவில்லை. ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தபடி, அடிவயிற்றிலிருந்து பாடினேன். சரணம் உட்பட.

கடைசி வண்டியில் ஏறி உட்கார்ந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். முன்பக்கக் கேமரா. முழுக்க நான்தான்: மூக்குத் துவாரங்கள், பல்லிடுக்கில் கடலைத் தோல், நெஞ்சில் மஞ்சள் கறை, கண்ணை இறுக மூடிக்கொண்டு தமிழ்ப் பாட்டைக் கதறுகிற ‘இங்கிலீஷ் பாட்டு கேட்கிறவர்’. என் கதறலுக்குப் பின்னால் மெலிதாக ஒரு குரல். அது ரகுமானா எட் ஷீரனா என்று இருவரும் ஆவடி வரை வாதாடினோம். வேப்பம்பட்டில் இறங்குவதற்குள் அவள் அதை ரீல்ஸாகப் போட்டுவிட்டாள், ஊர் பெயர், தேதி, கச்சேரி விவரத்தோடு.

மறுநாள் ஷிப்ட் ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் அண்ணன் கூப்பிட்டார். கையில் போன். அதிலிருந்து என் குரல்.

“இவரு, சென்னையில தலைக்கு மசாஜ் பண்ணிக்கிட்டாரே, அந்தச் செம்பட்டை முடிக்காரர்தானே?”

“ஆமாண்ணே.”

“நெட்டுல பார்த்தேன், முப்பத்தி மூணு வயசுதானாம். சித்தப்பாவுக்கு இவ்வளவு சின்ன வயசுலயே அறுபதாம் கல்யாணம் பண்ணி வெச்சுட்டீங்களேப்பா!”