ஆட்டைப் பார்க்காத ஆப்

காரின் ஓட்டத்தைக் கணக்கெடுத்து, அதற்கேற்பப் பிரீமியம் வாங்கும் காப்பீட்டுக்கு இந்தியாவில் வழி அகலமாகத் திறந்தது 2022 ஜூலையில். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அந்த மாதம் இரண்டு வகைகளுக்கு அனுமதி தந்தது. ஓடிய தூரத்துக்குக் காசு வாங்குவது ஒன்று, ஓட்டிய விதத்துக்குக் காசு வாங்குவது இன்னொன்று. முதல் வகைக்குக் கிலோமீட்டர் தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு ஓட்டுபவரின் குணம் தெரிய வேண்டும். பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் குணம் தெரிய அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அவ்வளவு நேரம் இல்லை. செல்போனில் ஓர் ஆப்பை இறக்கச் சொல்கிறது.

தள்ளுபடி கிடைப்பது சொந்தக் காரின் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையிலான காருக்கு 2022 ஜூனில் வைத்த தொகை 3,416 ரூபாய். மாட்டு வண்டி போல ஊர்ந்தாலும் ராஜா தேசிங்கு போலப் பறந்தாலும் அதில் ஒரு பைசா மாறாது. ஆக, பேரம் மிச்சத் தொகையில்தான். அது 6,000 ரூபாய் என்றும் தள்ளுபடி பத்து சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 600 ரூபாய், நாளைக்கு ஒரு ரூபாய் அறுபத்து நான்கு காசு. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அந்தக் காசுக்கு டீ கிளாஸைக் கழுவித் தருவார்கள். டீ ஊற்ற மாட்டார்கள்.

ஆப்பின் வேலை சிக்கலானதல்ல. செல்போனில் உள்ள ஜிபிஎஸ் வண்டி எங்கே, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சொல்லும். வேகம் கூடுவதையும் குறைவதையும் ஓர் உணரி பார்க்கும், திருப்பத்தை இன்னொன்று பார்க்கும். செல்போனை நம்பாத நிறுவனங்கள் ஸ்டீயரிங்குக்கு அடியில், மெக்கானிக் கம்ப்யூட்டரைச் சொருகும் துளையில், தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை மாட்டிவிடும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை மறைவில் டவர் கிடைக்கவில்லை என்றும் தப்ப முடியாது. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை; கணக்கை எழுதி வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும்.

குற்றப் பட்டியலில் முதலிடம் திடீர் பிரேக்குக்கு. அமெரிக்காவின் புரோகிரஸிவ் நிறுவனம் ஒரே வினாடியில் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் குறைந்தால் அதைத் திடீர் பிரேக் என்று எழுதிக்கொள்கிறது. இந்த அளவுகோலைத் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகளுக்கு நடுவே, கோட்டைச் சுவரை ஊடறுத்துக்கொண்டு போகிறது அந்தச் சாலை. சுவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவருக்கு முன்னால், வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று திடீரென்று முளைக்கும். அதைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் ஆட்டு மந்தை. முன்னால் போகும் தாய் ஆடு ரோட்டைக் கடந்துவிட்டது, மந்தையும் கடந்துவிட்டது என்று நம்பிக் காலை ஆக்ஸிலேட்டரில் வைக்கும்போது, பின்தங்கிய குட்டி ஒன்று துள்ளிக்கொண்டு வரும். அறுவடைக் காலம் என்றால் கிராமத்துச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். கரையில் கருங்கல் வரிசை இருக்கும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக்கும் திருவண்ணாமலைப் பௌர்ணமிக்கும் வரும் கூட்டம் தனிக்கணக்கு. இவற்றில் எதற்கும் பிரேக் போடாதவருக்கு ஆப் முழு மதிப்பெண் தரும். ஊர் தருவது வேறு.

அமாவாசைக்கு ஊஞ்சல் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்புவதும் குறை. பின்னிரவுப் பயணத்தைப் பல நிறுவனங்கள் ஆபத்துக் கணக்கில் சேர்க்கின்றன. அங்காளம்மன் மாலை ஐந்து மணிக்கு நடை சாத்தினால்தான் பக்தரின் பிரீமியம் குறையும். காரை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனாலும் செல்போன் கூடவே வருகிறது. ஓட்டியது நீங்களா என்று ஆப் பிறகு கேட்கும். பதில் சொல்ல மறந்தால் தனியார் பஸ் டிரைவரின் வீரம் பயணியின் பெயரில் ஏறிவிடக்கூடும்.

கண்காணிப்பு செஞ்சிக்குப் புதிதல்ல. சுமார் 800 அடி உயர ராஜகிரியின் உச்சியில் நின்றால் நாலா திசையிலும் வருகிறவன் தெரிவான். கோட்டையை அங்கே கட்டியதே அதற்காகத்தான். ஆனாலும் ஆள் நழுவியதுண்டு. மராட்டிய மன்னர் ராஜாராம் 1689-ல் மாறுவேடத்தில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு முகலாயத் தளபதி சுல்பிகர் கான் தொடங்கிய முற்றுகை இழுத்து இழுத்து 1698 வரை போனது. கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. மாறுவேடத்தில் சட்டைப்பை இருந்து, அதில் ஆப்போடு ஒரு செல்போனும் இருந்திருந்தால் அந்த முற்றுகைக்கு ஒரு வாரமே அதிகம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ராஜகிரிக் காவலன் கோட்டைக்குள் இருந்தவர்களிடம் சம்பளம் வாங்கி அவர்களுக்கே சேதி சொன்னான். ஆப் காரோட்டியின் செல்போனில், அவருடைய சார்ஜில், அவருடைய டேட்டாவில் ஓடி, சேதியை வெளியே சொல்கிறது.

வெளியே என்றால் எவ்வளவு வெளியே என்பதற்கு அமெரிக்காவில் உதாரணம் கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் ஓட்ட விவரம், லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தகவல் தரகு நிறுவனம் வழியாகக் காப்பீட்டாளர்களுக்குப் போனதை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. பிரீமியம் 21 சதவீதம் ஏறியதால் சந்தேகப்பட்ட ஒருவர் தன்னைப் பற்றிய கோப்பைக் கேட்டு வாங்கினார். 258 பக்கம் வந்தது. ஆறு மாதத்தில் அவரும் மனைவியும் போன 640 பயணங்கள், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், போட்ட பிரேக் என்று எல்லாம் அதில் இருந்தன. ஜாதகம்கூட ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கிவிடும். 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இந்த விற்பனைக்கு ஐந்து ஆண்டுத் தடையை முன்வைத்தது. சில நேரம் மூன்று வினாடிக்கு ஒருமுறை இருப்பிடம் பதிவானதாகவும் அது சொன்னது. இங்கே குறைந்தபட்சம் ஆப்பை இறக்குகிறோம் என்பதாவது இறக்குகிறவருக்குத் தெரியும்.

இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒப்புதல் குறிப்பிட்ட நோக்கத்துக்காக இருக்க வேண்டும், கொடுத்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது அது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம் என்றும் சொல்கிறது. வாங்கியவர் அதைப் படித்துத் தமிழில் விளக்க இன்னொருவரைத் தேட நேரலாம். அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

செஞ்சி போன்ற ஊரில் அந்தரங்கம் ஏற்கெனவே அவ்வளவுதானே என்ற வாதமும் உண்டு. காந்தி பஜார் டீக்கடைக்காரருக்கு எல்லாக் காரும் அடையாளம் தெரியும். “என்னண்ணே, நேத்து ராத்திரி மலையனூர் ரோட்டுல சரக்குன்னு நிறுத்துனீங்களாமே?” என்பார். “குட்டி ஒண்ணு குறுக்க வந்துடுச்சுப்பா” என்றால், “நம்ம பெரியவரோட ஆடா இருக்கும், அது அப்படித்தான்” என்று வழக்கை முடித்துவிடுவார். ஆப்பிடம் அந்தக் குட்டியைச் சொல்ல இடமில்லை. அது கேட்பது வேகம், நேரம், இடம் மூன்றும்தான்.

கண்காணிப்பு வேண்டாம், தள்ளுபடி மட்டும் வேண்டும் என்பவருக்கு மிஞ்சுவது முதல் வகை. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் போல ஒரு வரம்பைச் சொல்லிப் பிரீமியம் கட்ட வேண்டும். தாண்டினால் மேற்கொண்டு கட்டிக் கிலோமீட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்களுக்கு இதற்கு ஓடோமீட்டரின் படம் போதும். எங்கே போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பதெல்லாம் அதில் விழாது. கிலோமீட்டர் எண்ணும், பக்கத்தில் ஒட்டியிருக்கும் அங்காளம்மன் ஸ்டிக்கரும், மூன்று மாதமாக அணையாமல் எரியும் எஞ்சின் விளக்கும் விழும்.