பஞ்சிகாவத்தைக்கு எட்டாத கார்கள்

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் குடியிருப்பவனுக்குத் தண்ணீரைப் பற்றிய அறிவு, மேல் மாடிக்கு அது ஏறுமா ஏறாதா என்பதோடு முடிந்துவிடும். கடல் என்றால் காலிமுகத்திடல். அதுவும் இறால் வடை விற்கிற பக்கம். அப்படிப்பட்ட எனக்கு, கப்பல் தாழ்ந்த இடத்தில் நானும் தாழ்ந்து பார்க்கவேண்டும் என்று ஆசை வந்ததை என் பொண்சாதி இன்றுவரை சீனி வியாதியின் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறாள்.

குற்றம் ஆர்தர் சி. கிளார்க்குடையது. விண்வெளிக் கதை எழுதிய அந்த மனிதர் 1956 இல் இலங்கைக்குக் குடிவந்ததே கடலுக்குள் முக்குளிக்கத்தான். அவருடைய கூட்டாளி மைக் வில்சன் 1961 இல், தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கிரேட் பாசஸ் வெளிச்சவீட்டுப் பாறைகளின் அருகே, இரண்டு அமெரிக்கப் பையன்களோடு வெள்ளிக்காசுகளைக் கண்டார். ஔரங்கசீப் காலத்துச் சூரத் ரூபாய்கள். சாக்கு மக்கிப்போக, காசுகள் மட்டும் சாக்கின் வடிவத்திலேயே கட்டிபிடித்துக் கிடந்தன. மாதக் கடைசியில் இதைப் படிக்கிற சம்பளக்காரனின் மனம் கெடாமல் என்ன செய்யும்?

"லோன் கட்டக் காணுமா?" என்றாள் பொண்சாதி.

நூறு வருஷத்தைத் தாண்டிய கப்பலில் கைவைக்க ஏலாது, தொல்பொருள் சட்டம் இருக்கிறது என்றேன்.

"எடுக்கேலாத வெள்ளியப் பார்க்க கடலுக்குள்ள எதுக்கு? செட்டியார் தெருவுல கண்ணாடிக்கு வெளிய நின்டு பார்க்கிறதுதானே."

கீழ் வீட்டு நானா அப்படியில்லை. அவருக்குப் பஞ்சிகாவத்தையில் பழைய வாகன ஸ்பெயார் பார்ட்ஸ் கடை. கொழும்புக்கு அப்பால் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் 'சீஃப் டிராகன்' என்ற கப்பல் கார்களோடு கிடக்கிறது என்றதும் பிளேன்டீயைக் கீழே வைத்தார்.

"எத்தனையாம் ஆண்டு மொடல்?"

"எல்லாம் துருவாகியிருக்கும் நானா."

"எஞ்சின் போகட்டும் தம்பி. கண்ணாடி துருப்பிடிக்காதே?"

அன்று இஷாவுக்குப் பிறகும் கிரேன் கூலியை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஹிக்கடுவைப் பக்கம் போதும். அங்கே அக்குரலைக்கு அப்பால், 1903 இல் பாறையில் மோதித் தாழ்ந்த 'கொன்ச்' கிடக்கிறது. ஷெல் கம்பெனியின் ஆரம்பகால எண்ணெய்க் கப்பல்களில் ஒன்று. ஹிக்கடுவையின் கரையோரப் பவளப்பாறை 1998 இல் கடல் சூடேறி வெளுத்து, பெரும்பகுதி செத்துப்போயிற்று. ஆனால் கொன்ச்சின் உடைந்த இரும்புக்குள் மீன்கள் எங்களைப்போலத் தொடர்மாடிக் குடித்தனம் நடத்துகின்றன.

ஆகவே நீச்சல் தடாகத்தில் பயிற்சி. பயிற்றுநர் என் மகன் வயதுப் பையன். சிலிண்டரை முதுகில் மாட்டித் தண்ணீரில் இறக்கினான், நான் தாழவில்லை. "கொழுப்பு மிதக்கும் அங்கிள்" என்று மரியாதையாகச் சொல்லி இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கோத்தான். இன்னும் கோத்தான். வேண்டாம் வேண்டாமென்று எத்தனையோ கப்பல்கள் தாழ்ந்த நாட்டில், வேண்டிக்கொண்டும் தாழாத பொருள் நான் ஒருவன்தான்.

முதல் சட்டம், மூச்சை அடக்கக்கூடாது. அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். பொண்சாதி பேசி முடிக்கும்வரை மூச்சடக்கியே குடும்பம் நடத்தியவனுக்கு இந்தப் பழக்கம் இலேசில் போகுமா? அடுத்தது அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அது ஒரு மடங்கு கூடுகிறது; 30 மீட்டரில் மேலே செலவாவதைப்போல் நாலு மடங்கு காற்றுச் செலவு. பயந்தவன் அதையும் அவசரமாக இழுப்பான். என் வேகத்துக்கு, நானாவின் கார்களை எட்டுமுன்பே சிலிண்டர் காலி.

தென்மேற்குக் கரையில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். போகிறவர்கள் அப்போது போங்கள். சீனி, பிரஷர், ஆஸ்துமா இருந்தால் டொக்டரின் கடிதத்தோடு போங்கள். கார் கப்பலுக்கே இறங்குகிறவர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், முன்கண்ணாடி எத்தனை தேறும் என்று பார்த்து வந்து சொல்லுங்கள். நானா தினமும் கேட்கிறார்.